டார்லா கெஸ்கி நோய்க்குப் பெயர் சொன்னது

"நல்லா சிவந்திருக்கு. காது ஜவ்வு உப்பி வெளிய தள்ளுது. பின்னால சீழ் கோத்திருக்கு. காய்ச்சல் நூத்தியொண்ணு."

டார்லா கெஸ்கி காது பார்க்கும் விளக்கை வெளியே எடுத்து, அதன் பிளாஸ்டிக் முனையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கிளினிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ரஸ்ஸல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். நாற்பது பிள்ளைகளின் கூச்சலை ஒற்றைக் காதால் கேட்டபடி காலைச் சவாரியை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தான்.

"அப்ப என்னது இது?" என்றான்.

"கெல்சிகிட்ட சொல்றேன். அவங்க வந்து பார்த்துட்டுச் சொல்வாங்க."

"இவ்வளவும் சொல்லிட்டே. இனி அவங்க சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

டார்லா சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். நடையில் கெல்சி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முப்பத்தொரு வயது. கையில் ஆறிப்போன காபி.

"இன்னைக்கு இது நாலாவது. மணி இன்னும் பத்தரை ஆகல."

"எது?"

"'கெல்சிகிட்ட சொல்றேன்.'"

"நீதானே இங்க பொறுப்பு. உன்கிட்ட சொல்லாம?"

"சொல்லுங்க. 'இவனுக்குக் காதுல இன்ன நோய், இன்ன மருந்து குடுக்கப் போறேன், சரியா'ன்னு சொல்லுங்க. நீங்க என்ன பண்றீங்க? சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல். மேசைல தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் வரிசையா வச்சிட்டுத் தள்ளி நிக்கிறீங்க. நான் வந்து உக்காந்து சாப்பிட்டுட்டு, நான்தான் சமைச்சேன்னு நெனச்சுக்கறேன்."

டார்லா ரஸ்ஸலின் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நேத்து என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்" என்றாள் கெல்சி. குரலைத் தாழ்த்தியிருந்தாள். "கடைசி அஞ்சு வாரம். நூத்திப் பன்னண்டு பேரை நீங்க பார்த்திருக்கீங்க. நூத்திப் பன்னண்டு பேருக்கும் நோயோட பேரைச் சொன்னது நான். ஒண்ணுகூட தப்பாகல. எனக்கே ஆச்சரியம், நான் இவ்வளவு கெட்டிக்காரியான்னு. அப்புறம்தான் புரிஞ்சுது. ஒவ்வொண்ணையும் நீங்கதான் என் வாயில வச்சிருக்கீங்க."

"நான் வேணும்னு செய்யல."

"தெரியும். அதுதான் பயமா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் நான் படிவத்துல கையெழுத்துப் போடணும். 'தானாக முடிவெடுக்கிறார்'னு அதுல ஒரு கட்டம் இருக்கு. அஞ்சுக்குக் குறைஞ்சது மூணு இருந்தாத்தான் பாஸ். நான் என்ன போடட்டும்?"

அன்று வியாழக்கிழமை. டிசம்பர் மாதத்தின் இரண்டாவது வாரம். பல்கலைக்கழகத்தின் பருவம் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது.

*

பத்தொன்பது வயதில் டார்லா நர்சிங் பள்ளியில் சேர்ந்தாள். அதற்கு முந்தின வருடம் சுரங்கத்தில் அவளுடைய அப்பாவுக்கு வேலை போயிருந்தது. இரண்டு வருடப் படிப்பு, முடித்த உடனே வேலை. வேறு காரணம் எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்: பார்த்ததை எழுது, தொட்டதை எழுது, நோயாளி சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுது, நோயின் பெயரை எழுதாதே. அது டாக்டருடைய வேலை. 'வலது கெண்டைக்கால் சிவந்து, சூடாக, வீங்கியுள்ளது. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.' அவ்வளவுதான். வார்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருமுறை தவறினாள். காலைச் சுற்றில் டாக்டர் ஹோல்ம்பெர்க் ஒரு கிழவரின் கட்டிலருகே வந்தபோது, "குடல் அடைச்சிருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். அவர் அட்டையைக் கீழே வைத்தார். கிழவரின் மகள்கள் இருவரும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். "நீங்க எந்த மெடிக்கல் காலேஜ்ல படிச்சீங்க, மிஸ்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அடைப்புதான் இருந்தது. மதியம் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

அதன்பின் மூத்த நர்சுகளிடமிருந்து அவள் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். "டாக்டர், அவருக்கு நேத்துலேருந்து வாயு பிரியல, ரெண்டு தடவை வாந்தி, வயிறு கல்லு மாதிரி இருக்கு. எக்ஸ்ரே எடுக்கச் சொல்வீங்கன்னு நெனச்சு ஆளை ரெடி பண்ணி வச்சிருக்கேன்." டாக்டர் கொஞ்சம் யோசிப்பார். "எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்பார். எல்லோருக்கும் திருப்தி. இருபத்தைந்து வருடங்களில் இதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. புதிதாக வந்த டாக்டர்கள் அவள் பணி நேரத்தில் தங்கள் மூளை நன்றாக வேலை செய்வதாக நம்பினார்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு அவளை அனுப்பியது ஒரு கால்விரல். அவள் ஊரான சாண்ட் பேயில் இருந்த சின்னக் கிளினிக்கின் டாக்டர் போன பிறகு அதைப் பூட்டிவிட்டார்கள். நாற்பது மைலுக்கு வேறு ஒன்றும் கிடையாது. ஒரு பிப்ரவரியில் ஏரியிலிருந்து வந்த பனி மூன்று நாள் பாதையை மூடியது. அவள் கணவன் வெய்ன், மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவன். அவனே வீட்டுக்கு வர முடியாமல் கொட்டகையில் படுத்திருந்தான். பக்கத்து வீட்டு எய்னோ மரக்கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து அவள் சமையலறையில் காலுறையைக் கழற்றிக் காட்டினார். சர்க்கரைக்காரர். விரல் என்ன நிலையில் இருக்கிறது, என்ன மருந்து வேண்டும், எத்தனை நாளைக்கு வேண்டும் என்று எல்லாமே அவளுக்குத் தெரிந்தது. மருந்துக்கடை அதே தெருவின் கோடியில் இருந்தது. சீட்டு எழுதத்தான் ஆள் இல்லை. தொலைபேசியில் ஒவ்வொரு டாக்டராக முயன்றாள். மூன்றாம் நாள்தான் ஒருவர் எடுத்தார். எய்னோ விரலை இழந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஈஸ்டருக்கு அவளுக்கு ஒரு கூடை முட்டை கொடுத்தார். அது அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் இல்லாத இடத்தில் நோயைக் கண்டுபிடித்து, மருந்தெழுதி, கையெழுத்தும் போடலாம் என்றால் அதற்கு மேலும் நான்கு வருடம் படிக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் விண்ணப்பம் போட்டாள்.

"ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று வெய்ன் தினமும் கேட்பான். "முடிக்கலேன்னா சானாவுக்கு வராதே. நீராவி அறைய சூடாக்கின விறகு வீணாப் போனாலும் பரவால்ல."

பாடமெல்லாம் கணினி வழியாக. வீட்டில் இணையம் பனி பெய்தால் நின்றுவிடும். கட்டுரை அனுப்ப வேண்டிய கெடு நாட்களில் நூலக வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மடியில் கணினியை வைத்துக்கொள்வாள். நூலகர் இரண்டு முறை வெளியே வந்து ஜன்னலைத் தட்டினாள். மூன்றாம் முறை சாவியைக் கொடுத்துவிட்டாள். புள்ளியியலில் ஒருமுறை தோற்று மறுபடி எழுதினாள். கடைசி வருடத்தில் அறுநூறு மணி நேரம் யாராவது ஒருவரின் கீழ் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அந்த ஆளை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியது. முப்பத்தொரு இடங்களுக்குத் தொலைபேசினாள். இடமில்லை, நேரமில்லை, இந்த வருடம் ஆள் எடுப்பதில்லை. ஒரு இடத்தில் அவள் வயதைக் கேட்டுவிட்டு, திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

முப்பத்திரண்டாவது ஆள் கெல்சி நியெமி. பதினெட்டு வயதில் முதியோர் இல்லத்தில் டார்லாவுக்குக் கீழே உதவியாளாக வேலை பார்த்தவள். நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்று டார்லாதான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள். பின்பு நேராகப் பல்கலைக்கழகம் போய், இதே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்து, இந்த ஆட்டர் கிரீக் கிளினிக்கை இப்போது தனியாக நடத்துகிறாள்.

"நீங்களா? எனக்குக் கீழயா?" என்று தொலைபேசியில் கத்தினாள். "பெட்பேனைக் கழுவ வைப்பேன், தெரியும்ல? பழி வாங்க எனக்குப் பதிமூணு வருஷ பாக்கி இருக்கு."

சாண்ட் பே கிளினிக்கைத் திறக்கக் கவுண்டி ஒப்புக்கொண்டிருந்தது. கோடைக்குள் உரிமத்தோடு ஒருவர் வந்தால் திறப்பார்கள், இல்லாவிட்டால் கட்டடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இந்தப் பயிற்சியில் வருடத்துக்கு ஒருமுறைதான் சேர முடியும். கெல்சி மூன்று போடாவிட்டால் அடுத்த டிசம்பர்.

*

வெள்ளிக்கிழமை காலை கெல்சி வாயில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டிக்கொண்டு வந்தாள். முன்மேசையில் இருந்த ஜோனி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கெல்சி டேப்பை உரித்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னைக்கு நான் ஊமை. நீங்க முடிவைச் சொல்லுங்க. தப்பா இருந்தா மட்டும்தான் வாயைத் திறப்பேன். சரியா இருந்தா கையெழுத்து. அறிகுறி பட்டியலெல்லாம் எனக்கு வேணாம்."

"அது எப்படி, பட்டியல் இல்லாம?"

"பேரை முதல்ல. பட்டியல் அப்புறம்."

முதல் இரண்டு பேரிடம் டார்லா சமாளித்தாள். மூன்றாவது, தொண்டை வலியோடு வந்த தபால்காரி. டார்லா நடைக்கு வந்து, "தொண்டைல வெள்ளை படிஞ்சிருக்கு, இருமல் இல்ல, கழுத்துல..." என்று தொடங்கினாள். கெல்சி கூரையைப் பார்த்தாள். "கழுத்துல கட்டி." கெல்சி ஒரு பாட்டை முணுமுணுத்தாள். கடைசியில் கெல்சியே பொறுக்காமல் பெயரைச் சொல்லிவிட்டாள், உடனே தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா? பதிமூணு வருஷமா பழக்கி வச்சிருக்கீங்க என்னை."

பதினொன்றேகாலுக்கு லெம்பி ஹார்யூ வந்தாள். எழுபத்தொன்பது வயது. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, புதுச்சீட்டு வேண்டும், வேறொன்றும் இல்லை. தன் பழைய பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். முப்பது வருடம் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்தவள். இந்தக் கவுண்டியில் இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"உன்னை ஆறு வயசுலேருந்து எனக்குத் தெரியும்" என்றாள் டார்லாவிடம். "பட்டாணியப் பூரா தட்டு ஓரத்துல ஒதுக்குவே. இப்ப டாக்டரா?"

"டாக்டர் இல்ல, மிஸஸ் ஹார்யூ. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"தலைவலி ஏதாவது?"

"எல்லாருக்கும்தான் வருது."

"எத்தனை நாளா?"

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க? மான் வேட்டை தொடங்கின சமயத்துலேருந்து. நாளைக்கு சானாவுல உக்காந்தா போயிடும்."

லெம்பி கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. டார்லா அதைக் கவனித்தாள். லெம்பி ஒவ்வொரு வியாழக்கிழமையும் முடியைச் சுருட்டிக்கொள்ள அழகு நிலையத்துக்குப் போகிறவள். கணவனைப் புதைத்த வாரத்திலும் போனவள். "தொப்பியக் கழற்றுங்களேன், ரத்த அழுத்தம் பார்க்கணும்" என்றாள். ரத்த அழுத்தத்துக்கும் தொப்பிக்கும் சம்பந்தமில்லை. லெம்பிக்கும் அது தெரிந்திருக்கலாம். கழற்றினாள். முடி பல நாளாகச் சீவாமல் ஒட்டிக்கிடந்தது.

"நேத்து போகலையா முடிக்கு?"

"மூணு வாரமா போகல. அந்தப் பொண்ணு சீப்பு போட்டா தலைத்தோல் எரியுது. புதுசா ஏதோ ஷாம்பூ வாங்கிட்டா போல."

டார்லா அழுத்தமானியை மடித்து வைத்தாள். நேரடியாகக் கேட்டால் லெம்பி எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்வாள். இந்தப் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். மாடு மிதித்த காலோடு வந்தாலும் நல்லா இருக்கேன் என்பார்கள்.

"உங்க தம்பி பையன் டெட் இந்த வருஷம் மான் அடிச்சானா?"

"அடிச்சான். கொம்புல எட்டு முனை."

"இறைச்சி வத்தல் போட்டுக் குடுத்தானா?"

"ஒரு பை குடுத்தான். அப்படியே கிடக்கு."

"உங்களுக்குப் பிடிக்குமே."

"பிடிக்கும். நாலு கடி மென்னா தாடை கெஞ்சுது. கொஞ்சம் நிறுத்தினா சரியாயிடுது. மறுபடி மென்னா மறுபடி. பல்லு இல்ல, பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

டார்லாவின் கை தானாக லெம்பியின் இடது நெற்றிப்பொட்டுக்குப் போயிற்று. தோலுக்கடியில் ரத்தக்குழாய் கயிறுபோல் தடித்திருந்தது. விரல் பட்டதும் லெம்பி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு எப்படி?"

"கண்ணுக்கு என்ன?"

"இன்னைக்கு வண்டி ஓட்டிட்டு வந்தீங்களே. வழியெல்லாம் நல்லா தெரிஞ்சுதா?"

"தேவாலயம் தாண்டினதும் வண்டிக் கண்ணாடியில பனி பிடிச்சுடுச்சு. இந்தப் பக்கம். துடைச்சேன், போகல. தீவனக் கடை வர்றதுக்குள்ள அதுவா போயிடுச்சு."

"உள்பக்கம் பிடிச்ச பனியா, வெளிப்பக்கமா?"

"அதுதான் தெரியல."

"வலது கண்ண மூடினீங்களா?"

"வண்டி ஓட்டும்போது ஏன் கண்ண மூடறேன், பைத்தியமா?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இடது பக்கம் ஒரு திரைய இறக்கின மாதிரி இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா லைசென்சப் பிடுங்கிடுவாங்க."

டார்லா, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நடைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

கெல்சி எதிரில் நின்றிருந்தாள்.

"எழுபத்தொன்பது வயசு" என்றாள் டார்லா. "ஒரு மாசமா தலைவலி. சீப்பு பட்டா தலைத்தோல் வலி. மெல்லும்போது தாடை. நெற்றிப்பொட்டுல குழாய் தடிச்சு, தொட்டா வலிக்குது. இன்னைக்குக் காலைல இடது கண்ணு ரெண்டு நிமிஷம்..."

கெல்சியின் முகம் மாறியது. தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் வரிசையாக இருந்தன. குழந்தைகூட எடுத்துச் சாப்பிடலாம். அவள் உதடு பிரிந்தது. பிறகு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விளையாட்டுக்குப் பொத்தவில்லை. மறு கை அதற்குள் கதவுக்குமிழைப் பிடித்திருந்தது. அவள் அதிக நேரம் காத்திருக்க மாட்டாள், காத்திருக்கவும் கூடாது.

டார்லாவுக்கு அந்தப் பெயர் தெரியும். தாடை என்று லெம்பி சொன்னபோதே தெரியும். தவறாக இருந்தால்? சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிற கிழவிக்கு அத்தனை ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை எகிறும், நெஞ்செரிச்சல் வரும், தூக்கம் போகும். ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும். நாளை வரை பொறுக்கலாம். பொறுத்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை. 'நோயாளியின் வாய்ச்சொல்: கண்ணாடியில் பனி. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.'

"நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி" என்றாள். அவள் குரல் அவளுக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. முன்மேசையில் ஜோனி திரும்பிப் பார்த்தாள். "இடது கண்ணுக்குப் போற ரத்தம் நிக்கப் பார்க்குது. இன்னொரு தடவை திரை இறங்கினா ஏறாது. அறுபது மில்லிகிராம் பிரெட்னிசோன், இப்பவே, இந்த அறையிலயே. ரத்தம் எடுத்து அனுப்பறேன், ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கப் போறதில்ல. கண் டாக்டருக்கு நான் போன் பண்றேன். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சர்க்கரை?" என்றாள் கெல்சி.

"ஏறும். இறக்கிக்கலாம். போன கண்ணத் திரும்ப வாங்க முடியாது."

கெல்சி உள்ளே போனாள். லெம்பியின் நெற்றிப்பொட்டைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இரண்டு கண்ணையும் சோதித்தாள். திரும்பி மருந்து அலமாரிச் சாவியை டார்லாவிடம் நீட்டினாள். எதுவும் சொல்லவில்லை.

லெம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கெல்சியிடம் கேட்டாள்: "எனக்கு என்ன?"

"அவங்க சொல்வாங்க" என்றாள் கெல்சி.

டார்லா உருளும் நாற்காலியை இழுத்து லெம்பியின் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தாள். நோயின் பெயரைச் சொன்னாள். அது என்ன செய்யும் என்பதைச் சொன்னாள். கண் போய்விடும் என்ற சொல்லையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். லெம்பி தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றியா? இல்ல, டாக்டர் யாராவது சொன்னாங்களா?"

"நான்தான் சொல்றேன்."

"நிச்சயமா?"

"பரிசோதனை செய்யாம நிச்சயம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா மருந்த இப்பவே சாப்பிடணும்கறது நிச்சயம்."

"எத்தனை மாத்திரை?"

"மூணு."

"பட்டாணிய ஒதுக்கின மாதிரி நான் ஒதுக்கினா?"

"ஒதுக்கினா நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன். எனக்கும் மதியச் சாப்பாடு கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

லெம்பி காகிதக் குவளையை வாங்கினாள். மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "கசப்பு" என்றாள். டார்லா அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்தாள். அதில் மட்டும் கை தயங்கவில்லை. இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலை.

கண் டாக்டரிடம் அவளே பேசினாள். பத்து நிமிடம் காத்திருக்க வைத்த பிறகு வந்தவர் அவசரமான குரலில், "என்ன?" என்று கேட்டார். அவள் நோயின் பெயரை முதலில் சொன்னாள், பட்டியலை அப்புறம். "மருந்து கொடுத்தாச்சா?" "கொடுத்தாச்சு, பதினொண்ணு அம்பதுக்கு." "நேரா எங்கிட்ட அனுப்புங்க. ஊசி வழியா ஏத்தணும்." எந்தக் கல்லூரி என்று அவர் கேட்கவில்லை. டெட் மரம் அறுக்கும் இடத்திலிருந்து வேலை உடையோடு வந்து அத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். லெம்பி போகும்போது, "லைசென்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதை நான் பார்த்துக்கறேன்னு சொல்ல முடியாது" என்றாள் டார்லா. "கொஞ்ச நாள் ஓட்டக் கூடாது. நான் எழுதித்தான் ஆகணும்."

"அதானே பார்த்தேன்" என்றாள் லெம்பி.

மாலையில் மற்றவர்கள் எல்லாம் போன பிறகு கெல்சி படிவத்தை நிரப்பினாள். டார்லா எதிரில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாக ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. பிறகு பேனா நின்றது. கெல்சி படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மூணா?" என்றாள் டார்லா.

"மூணு."

"ஒரு கண்ணைக் காப்பாத்தியிருக்கேன், கெல்சி."

"காலைல தபால்காரி தொண்டைக்குப் பேர் வச்சது யாரு?"

"அது..."

"லெம்பிக்கும் முதல்ல பட்டியல்தான் வந்துச்சு. நான் எண்ணினேன். பதினேழு நொடி. அதுக்கு மேல ஒரு நொடி ஆகியிருந்தா நான் சொல்லியிருப்பேன், இன்னைக்கு இந்தக் கட்டத்துல ஒண்ணு விழுந்திருக்கும். சாண்ட் பேல நடையில யாரும் நிக்க மாட்டாங்க. அங்க யார்கிட்ட பட்டியல் போடுவீங்க? சுவத்துகிட்டயா?"

டார்லா படிவத்தை மறுபடி பார்த்தாள். கோபம் வந்தது, போயிற்று. தானாக இருந்தாலும் மூன்றுதான் போட்டிருப்பாள். முதியோர் இல்லத்தில் இந்தப் பெண்ணுக்கு முதல் வருடம் இரண்டு போட்டதும் நினைவுக்கு வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"மூணு போதும்" என்றாள்.

"மூணு போதும்" என்று கெல்சி கையெழுத்துப் போட்டாள்.

*

மறுநாள் சனிக்கிழமை. கிளினிக் மதியம் வரை. ஒன்பது நாற்பதுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அழற்சியின் அளவு முப்பதுக்குள் இருக்க வேண்டியது, தொண்ணூற்று நான்கு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் தொலைபேசினாள். இரண்டாவது ஊசி ஏற்றியாகிவிட்டது, இடது கண் பார்வை அப்படியே இருக்கிறது, சர்க்கரை இருநூற்றுப் பத்து, அதற்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், தமனியிலிருந்து துண்டு எடுத்துப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. டார்லா குறித்துக்கொண்டாள். ஜோனி படிவத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள், கிடைத்தது என்று பதில் வந்தது. டார்லா அன்று ஆறு பேரைப் பார்த்தாள். நான்கு பேருக்குப் பெயரை முதலில் சொன்னாள். ஒன்று தவறு, கெல்சி திருத்தினாள். மதியம் வெய்ன் வந்து லெம்பியின் பிக்கப்பை அவள் வீட்டுக்கு ஓட்டிப் போனான், டார்லா பின்னால் தங்கள் வண்டியில் போனாள். சாவியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, குழாய் உறையாமல் இருக்க அடுப்பைத் தணிவாக எரியவிட்டார்கள். திரும்பும் வழியில் மண்ணெண்ணெயும் முட்டையும் வாங்கினார்கள். மூன்றரைக்குப் பனி பெய்ய ஆரம்பித்தது. வெய்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

டார்லா மேசையில் உட்கார்ந்து உரிமத் தேர்வுக்குப் பதிவு செய்தாள். மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, காலை எட்டு மணி.